பொலிசை, வாசி, வட்டம்: வளர்வதற்கும் கழிவதற்கும் தமிழர் வைத்த பெயர்கள்

நான் கல்லூரிப் படிப்புப் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, 1982-இல் ஆரணிப் பட்டு மூட்டையோடு கல்கத்தாவுக்கு வந்தவன். படா பஜாரில் கடன் கொடுத்தும் வாங்கியும் கற்ற கணக்குதான் என் கல்வி. லேக் கார்டன்ஸ் வீட்டில் இரவு கடைக் கணக்கை மூடிய பிறகு கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டுவது என் பழக்கம். அந்தப் புரட்டலில் கிடைத்த சில சொற்களை இங்கே வைக்கிறேன். பிழை இருந்தால் அறிஞர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன்.

இந்தக் கட்டுரைக்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை தருகிற காரணம் அன்று.

1980-களின் கடைசியில் எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர் இங்கே சமையல் வேலை பார்த்து வந்தார். மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டது. ஒருநாள் கடைக்கு வந்து, "நயினாரே, பத்தாயிரம் தராங்களாம். பதினஞ்சு வட்டின்னு சொல்றாங்க. வாங்கலாமா?" என்று கேட்டார். வருஷத்துக்குப் பதினைந்து என்றால் பஜாரில் அது அநியாயம் இல்லையே என்று நினைத்து, "தாராளமா வாங்குங்க" என்றேன். அவர் கையில் கிடைத்தது 8,500 ரூபாய். எழுதிக் கொடுத்த சீட்டில் 10,000. நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாளில் கட்ட வேண்டும். அவர் கேட்டது வட்டி அன்று, கழிவு. நான் பதில் சொன்னது கழிவுக்கு அன்று, வட்டிக்கு. ஒரு சொல் தவறியதால் அந்த மனிதர் இரண்டு ஆண்டு திண்டாடினார். "நீங்க சொன்னீங்களேன்னுதான் வாங்கினேன்" என்று அவர் ஒருமுறை சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே வளர்வதற்கு ஒரு பெயர், கழிவதற்கு ஒரு பெயர் என்று நம் முன்னோர் எப்படிப் பிரித்து வைத்தார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

வங்காளம் சொல்லும் கல்வெட்டில் ஒரு வணிகன் மனைவி

போளூருக்கு அருகில் திருமலை என்ற சமணத் தலம் இருக்கிறது. அங்கே உள்ள கோயிலுக்குக் குந்தவை ஜினாலயம் என்று பெயர். அந்த மலைப் பாறையில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஏறத்தாழ 1025-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஹுல்ஷ் என்பவரால் பதிப்பிக்கப்பட்டது. சரித்திர ஆசிரியர்கள் எல்லோரும் இதை எடுத்துக்காட்டுவது கங்கைப் படையெடுப்புக்காக. சோழர் படை வென்ற நாடுகளின் வரிசையில் வங்காள தேசமும் வருகிறது. மழை ஓயாத நாடு என்று அதற்கு அடைமொழி! ஆவணியில் லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீரில் நடந்தவர்களுக்கு இந்த அடைமொழிக்கு உரை தேவையில்லை.

ஆனால் அரசன் புகழை விட்டுவிட்டுக் கல்வெட்டின் கடைசிப் பகுதிக்கு வாருங்கள். நன்னப்பயன் என்ற வணிகனின் மனைவி சாமுண்டப்பை, நந்தா விளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் கொடுத்தாள் என்று இருக்கிறது. நாடு பிடித்த செய்தி முகவுரை. முதல் போட்ட செய்திதான் ஆவணம். வங்காளத்தில் பிழைக்கிற சமண வணிகனாகிய எனக்கு அந்த அம்மாள் பக்கத்து வீட்டுக்காரி போலத் தோன்றுகிறாள்.

ஒரு விளக்கு "சந்திர சூரியர் உள்ளவரை" எரிய 20 காசு போதும் என்று எப்படிக் கணக்குப் போட்டார்கள்? இதற்கு விடை தஞ்சையில் கிடைக்கிறது.

பொலிசை

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்துக் கல்வெட்டுகள் வட்டியைப் பொலிசை அல்லது பலிசை என்கின்றன. பொலிதல் என்றால் பெருகுதல். களத்தில் நெல் அளக்கும்போது "பொலி, பொலி" என்று சொல்லி அளப்பதை எங்கள் ஊரில் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். பசுவுக்குச் சேர்க்கும் காளையைப் பொலிகாளை என்கிறோம். அதே சொல். தமிழ்ப் பேச்சில் இது மறைந்துவிட்டது. மலையாளிகள் மட்டும் வட்டியைப் பலிச என்று இன்றும் சொல்கிறார்கள். நாம் தொலைத்ததைப் பக்கத்து வீட்டார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

தஞ்சைக் கல்வெட்டுகளில் வட்டி வீதம் இரண்டு விதமாக வருகிறது. சில இடத்தில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. சில இடத்தில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு மூன்று குறுணி நெல். பார்த்தால் இரண்டும் வேறு மாதிரி தெரியும். ஆனால் அன்றைய நெல் விலை காசுக்கு இரண்டு கலம். கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி. எனவே காசுக்கு இருபத்துநான்கு குறுணி. அதில் மூன்று குறுணி என்பது எட்டில் ஒரு பங்கு, அதாவது அதே அரைக்கால். இன்றைய பேச்சில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. நெல்லில் வாங்கினாலும் காசில் வாங்கினாலும் ஒரே வீதம் என்பதை அந்தக் கணக்கர்கள் சரிபார்த்தே எழுதியிருக்கிறார்கள்.

இனித் தஞ்சை வீதத்தைத் திருமலைக்குப் பொருத்திப் பாருங்கள். 20 காசுக்கு ஆண்டுப் பொலிசை இரண்டரைக் காசு, நெல்லாக ஐந்து கலம். 10 காசுக்கு இரண்டரைக் கலம். இதையே திருப்பிச் சொன்னால்: ஆண்டுதோறும் முடிவில்லாமல் இரண்டரைக் காசு வேண்டுமானால் இன்று எவ்வளவு வைக்க வேண்டும்? ஆண்டுச் செலவை எட்டால் பெருக்கு, 20 காசு.

வரப்போகிற எல்லா ஆண்டுகளின் பணத்தையும் இன்றைய ஒரே தொகையாகச் சுருக்குவதைத்தான் இன்றைய நிதி நூல்கள் கழிவுக் கணக்கு என்கின்றன. சுருங்கிய தொகையைத் தற்போதைய மதிப்பு என்கின்றன. இலங்கைத் தமிழர் பெறுமதி என்ற சொல்லைப் போடுகிறார்கள். அந்தப் பெயர் எதுவும் இல்லாமலே, எட்டால் பெருக்குகிற வித்தையாக, அது சோழர் காலத்தில் நடந்தது என்பது என் எளிய கருத்து.

சாவா மூவாப் பேராடு

காசுக்குப் பதிலாக ஆடு கொடுப்பதும் உண்டு. தஞ்சையில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. அதைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படி விட்ட ஆடுகளுக்குக் கல்வெட்டுகளில் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு உலகத்தில் ஏது? செத்ததற்கும் கிழடு தட்டியதற்கும் ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையை 96-ஆகவே வைத்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். மிஞ்சிய குட்டி இடையனுக்கு.

முதல் என்பது குறையக்கூடாது, தேய்ந்தால் விளைச்சலிலிருந்து எடுத்து நிரப்பவேண்டும், மீதியைத்தான் தின்னலாம். இவ்வளவு பெரிய பாடத்தை மூன்று சொல்லில் அடக்கியிருக்கிறார்கள். இதைக் கட்டுரையின் முடிவில் மறுபடி எடுக்கிறேன்.

வட்டியும் வட்டமும்: நான் செய்த தவறு

பல ஆண்டுகளுக்கு முன் நம் சங்கக் கூட்டம் ஒன்றில், "வட்டம் போலச் சுற்றிச் சுற்றி வருவதால் வட்டி" என்று பேசிக் கைதட்டல் வாங்கினேன். வீடு திரும்பும்போது என் வங்காளி அண்டைவீட்டுக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியர், "எங்கள் மொழியில் வட்டிக்கு வட்டியைச் சக்ரவிருத்தி என்போம்" என்றார். ஆகா, சக்கரம் என்றால் வட்டம்தானே, என் கருத்துக்குச் சாட்சி கிடைத்தது என்று மகிழ்ந்தேன். மகிழ்ச்சி அகராதியைப் பார்க்கும்வரைதான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வட்டியை விருத்தி என்ற வடசொல்லிலிருந்து காட்டுகிறது. பிராகிருதத்தில் அது வட்டி என்றே ஒலிக்கும். அதாவது சக்ரவிருத்தியில் வட்டிக்கு உறவு சக்கரம் அன்று, விருத்தி. பொலிசை என்றாலும் வட்டி என்றாலும் பொருள் வளர்ச்சியே.

சக்ரவிருத்தி பழஞ்சொல். மனு நூலில் வட்டி வகைகளில் ஒன்றாக வருகிறது. வட்டிக்கு மேல் வட்டி என்று நாரதர் அதற்கு விளக்கம் சொல்கிறார். தமிழில் மக்கள் வழக்கு "வட்டிக்கு வட்டி". பாடப்புத்தக வழக்கு "கூட்டு வட்டி". எனக்கு முன்னதே பிடிக்கும். கூட்டு என்றால் பங்காளிகள் சேர்ந்து வாங்குகிற வட்டி என்று பிள்ளைகள் நினைக்கக்கூடும். வட்டிக்கு வட்டி என்றால் சொல்லிலேயே கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கின் வேகத்தைச் சோழர் வீதத்திலேயே பார்ப்போம். எட்டில் ஒன்று தனி வட்டியாக ஓடினால் முதலும் வட்டியும் சமமாக எட்டு ஆண்டு. வட்டிக்கு வட்டியாக ஓடினால் ஆறு ஆண்டிலேயே இரட்டிப்பைத் தாண்டும். முப்பது ஆண்டில் தனி வட்டியில் 100 ரூபாய் 475 ஆகும். வட்டிக்கு வட்டியில் ஏறக்குறைய 3,400!

இந்தப் பயத்தால்தான் நிலுவை வட்டி முதலை மீறக்கூடாது என்று பழைய தருமநூல்கள் தடை போட்டன. மராட்டியர் அதைத் தாம்துபத் என்பார்கள். ஆங்கிலேயர் நீதிமன்றங்கள் இந்த விதியைப் பம்பாய் மாகாணத்தில் ஏற்றன. வங்காளத்தில் கல்கத்தா நகரத்துக்குள் மட்டும் ஏற்றன.

வாசி: சமணன் சம்பந்தரைச் சாட்சிக்கு அழைப்பது

இனிக் கழிவுக்கு வருவோம். இதற்குத் தமிழில் எனக்குத் தெரிந்த மிகப் பழைய சொல் வாசி. ஏழாம் நூற்றாண்டில் திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் காசு கிடைத்தது என்றும், சம்பந்தருக்குக் கிடைத்த காசைக் கடைக்காரர்கள் வாசி கேட்டே மாற்றினார்கள் என்றும், வாசியில்லாத காசு தரவேண்டி அவர் பதிகம் பாடினார் என்றும் சைவர்கள் சொல்வார்கள். எங்கள் சமணர்களோடு வாதம் செய்தவர் அவர். ஆனாலும் இந்தச் சொல்லுக்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை, வணங்கி அழைக்கிறேன்.

காசின் முகத்தில் எழுதிய மதிப்பு வேறு, கடையில் செல்லும் மதிப்பு வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வாசி. இங்கே கழிவுக்குக் காரணம் காலம் அன்று, காசின் தரம். பிற்காலத்தில் ஊருக்கு ஊர் நாணயம் மாறியபோது மாற்றுவோர் பிடித்த கழிவுக்கு வட்டம் என்று பெயர் வந்தது. "வட்டம் கட்டுதல்" என்பது அகராதிகளில் உள்ள வழக்கு. படா பஜாரில் மார்வாரிகளும் வங்காளிகளும் பட்டா, பாட்டா என்பதும் இந்தக் கழிவைத்தான். வட்டி வளர்வது, வட்டம் கழிவது. ஓரெழுத்து மாறினால் லாபம் நஷ்டம் இடம் மாறும்!

உண்டியலும் இரண்டு விதக் கழிவும்

காலத்துக்காகக் கழிப்பது உண்டியலில் தெளிவாகிறது. கோயிலில் காசு போடும் பெட்டியை மட்டும் இன்று உண்டியல் என்கிறோம். வணிகர் பேச்சில் அது பணம் தரச்சொல்லி எழுதும் சீட்டு, வடக்கே ஹுண்டி. கண்டவுடன் பணம் தர வேண்டியது தர்சனி. தவணை கழித்துத் தர வேண்டியது முத்ததி. தவணைச் சீட்டை வைத்திருப்பவர் அவசரத்துக்கு அதை முன்கூட்டியே விற்றால், வாங்குகிறவர் மீதி நாளுக்கு உள்ளதைக் கழித்துக்கொண்டு கொடுப்பார்.

எப்படிக் கழிப்பது என்பதில்தான் சூட்சுமம். மூன்று மாதத்தில் 1,000 ரூபாய் வரும் சீட்டு. வீதம் ஆண்டுக்கு 12. வழக்கமான வங்கிக் கழிவில் ஆயிரத்துக்கு 30 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 970 தருவார்கள். உண்மைக் கழிவில், எந்தத் தொகை மூன்று மாதத்தில் ஆயிரமாக வளருமோ அதைத் தரவேண்டும். அது 970 ரூபாய் 87 காசு. வித்தியாசம் 87 காசு. அற்பம் என்று தோன்றும். ஒரு வருஷச் சீட்டானால் 880-க்கும் 892 ரூபாய் 86 காசுக்கும் உள்ள வித்தியாசம்; கிட்டத்தட்ட 13 ரூபாய். பன்னிரண்டு என்று பெயர் சொல்லி வாங்கியது உண்மையில் பதின்மூன்றரைக்கும் மேல்.

உண்மைக் கழிவின் விதியை மகாவீராசாரியார் என்ற சமண கணித அறிஞர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். இராட்டிரகூட அரசன் அமோகவர்ஷன் காலத்தவர். அவருடைய கணிதசாரசங்கிரகத்தை எம். ரங்காசாரியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, சென்னை அரசாங்கம் 1912-இல் வெளியிட்டது. முதலும் வட்டியும் கலந்த தொகையை மிச்ரதனம் என்பார் அவர். கலந்ததிலிருந்து முதலைப் பிரிக்க ஒரு விதி தருகிறார். என் உதாரணம்: ஆண்டுக்கு 12 வீதம், ஒரு வருஷம் கழித்துக் கலந்த தொகை 560. நூறு ரூபாய் 112 ஆகும் என்றால் 560 ஆக வேண்டியது 500. அவ்வளவுதான். வளர்ச்சியும் கழிவும் இரண்டு வித்தை அல்ல, ஒரே பாதையில் போவதும் வருவதும்.

நகரத்தார் சொற்கள்

இந்தச் சொற்களை மிகச் சீராகப் பயன்படுத்தியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி, அந்த மாதத்துக்குரிய நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். குறித்த காலத்துக்குக் கட்டுண்டது தவணை வட்டி. வீதத்தை நூறு ரூபாய்க்கு மாதம் இத்தனை அணா என்பார்கள். மாதம் 12 அணா என்றால் ஆண்டுக்கு 9 சதவீதம். 1929-30-இல் பர்மா வங்கி விசாரணைக் குழு இவற்றை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. வட்டி என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்த வட்டி என்று அடைமொழியோடு சொன்னதுதான் அவர்கள் ஒழுங்கு.

1935-இல் ரிசர்வ் வங்கி தொடங்கியபோது அதன் மத்திய அலுவலகம் இருந்ததும் நம் கல்கத்தாவில்தான். 1937-இல் பம்பாய்க்குப் போயிற்று. அதன் சட்டம் வங்கி வீதம் என்பதற்குக் கூறும் இலக்கணமும் வணிகச் சீட்டுகளை வாங்கும் அல்லது மறுகழிவு செய்யும் வீதம் என்பதே. நம் செட்டியார் உண்டியலைக் கழித்த அதே வேலையை நாட்டுக்கே செய்வது.

வீட்டுப் பெண்களும் இந்த வித்தையை அறிவார்கள். ஏலச்சீட்டில் "எவ்வளவு தள்ளி எடுத்தே?" என்று கேட்கிறார்களே, அந்தத் தள்ளுதான் கழிவு. ஒரு லட்சம் சீட்டை இருபதாயிரம் தள்ளி எடுப்பவர், பின்னால் வரும் பணத்தைவிட இன்று கையில் வரும் எண்பதாயிரமே தனக்குப் பெரிது என்கிறார். 1982-ஆம் ஆண்டின் சிட் நிதிச் சட்டமும் இந்தத் தள்ளுக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது.

சமையல்காரர் கணக்கு

அந்த மனிதர் கணக்கை இப்போது சரியாகப் போட்டுப் பார்க்கிறேன். 1,500 ரூபாய் கழிவு, கையில் வந்த 8,500-க்கு. அதாவது 15 அல்ல, 17.6 சதவீதம். அதுவும் ஒரு வருஷத்துக்கு அல்ல, நூறே நாளுக்கு. அதிலும் நாள்தோறும் முதலைத் திருப்பிக் கொண்டே வந்ததால், சராசரியாக அவர் கையில் இருந்தது பாதிப் பணம்தான். ஆக உண்மைச் சுமை இன்னும் இரட்டிப்பு. 2003-இல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டம், நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. பெயர் சொன்னால்தான் தடுக்க முடியும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அன்று தெரியவில்லை.

ஆகையால் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். யாராவது சதவீதம் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். வளர்வதா, கழிவதா? எத்தனை நாளுக்கு? கையில் வருகிற தொகை என்ன?

நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

சாவா மூவாப் பேராட்டை மறுபடி எடுப்பதாகச் சொன்னேன். பெரியவர்கள் தமிழ்த் தேர்வுப் பரிசுக்கென்று சங்கத்தில் அன்று வைத்த முதல்கள் இன்றும் குறையாமல் இருக்கின்றன. ஆனால் வட்டி முழுவதையும் பரிசாகக் கொடுத்துவிடுவதால், ஒரு காலத்தில் பிள்ளைக்குப் புத்தகக் கட்டு வாங்கித் தந்த பரிசு இன்று ஒரு பேனாவுக்குக் காணாது. ரூபாய் மூப்படைந்துவிட்டது. எண்ணிக்கை குறையாததால் முதல் சாகவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆட்டுக்குக் குட்டி உண்டு. காசுக்கு நாம்தான் குட்டி சேர்க்க வேண்டும்.

கணக்கு இதோ. ஆயிரம் ரூபாய், வட்டி எட்டு. எட்டையும் கொடுத்தால் ஐம்பது ஆண்டு கழித்தும் முதல் ஆயிரம், பரிசு 80. ஐந்தைக் கொடுத்து மூன்றை முதலில் சேர்த்தால், முதல் 4,384, பரிசு 219. முதல் ஆண்டுப் பரிசு 80-லிருந்து 50-ஆகக் குறையும் என்பது உண்மை. இன்றைய பிள்ளைக்கு 30 ரூபாய் குறைத்து, இன்னும் பிறக்காத பிள்ளைக்குச் சேர்க்கிறோம். இதில் எவ்வளவு நியாயம் என்பதைப் பொதுக்குழு பேசி முடிவு செய்யட்டும். என் பங்குக்கு நான் இந்த ஆண்டு வைக்கிற சிறு முதலை இந்த நிபந்தனையோடுதான் வைக்கிறேன். அந்தச் சமையல்காரர் பெயரில் வைக்க நினைத்தேன். அவர் வீட்டார் பெயர் வேண்டாம் என்றார்கள். ஆகவே பெயரில்லாமல் இருக்கும்.

சாமுண்டப்பை அம்மாளுக்கு அரசன் எந்த நாட்டை வென்றான் என்பதைவிட, விளக்கு நாளைக்கும் எரியுமா என்பதே கவலையாக இருந்திருக்கும். ஆயிரம் ஆண்டு கழித்து அவள் பெயர் நமக்குத் தெரிகிறது. நாமும் கணக்கைச் சரியாக எழுதி வைப்போம்.